இரண்டு உலை

படிவத்தின் பதினோராம் பக்கம்:
குடும்பம் என்றால் ஒரே உலையில் உண்பவர்கள்.
இரத்தம் இல்லை, கூரை இல்லை, உலை.
டக்காரில் ஏசி அறையில் யாரோ எழுதியது.
மோசமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்,
ருஃபிஸ்க்கில் அந்த வீட்டுக்குள் நுழையும் வரை.

ஒரு முற்றம். நடுவில் வேப்பமரம்.
மரத்துக்கு இந்தப் பக்கம் மத்தார், அந்தப் பக்கம் ஜிப்ரில்.
ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்.
படகு என்ஜினை விற்றது யார் என்பதில்
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
உலை பிரிந்தாயிற்று.
நான் இரண்டு படிவம் எடுத்தேன்.

மத்தார் வீடு: ஏழு பேர், கரியடுப்பு.
ஜிப்ரில் வீடு: ஐந்து பேர், கேஸ்.
"எட்டு" என்று திருத்தினாள் மத்தாரின் மனைவி ஜெய்னபா,
"தல்லாவைச் சேர்த்து."
"ஆறு" என்றாள் மரத்துக்கு அப்பால் கும்பா,
முதுகைக் காட்டிக்கொண்டே. "தல்லாவைச் சேர்த்து."

போன வாரம் என்ன மீன்?
ஜெய்னபா சொன்னாள்: "சாளை. களவாவும் உண்டு."
அணையப்போகும் கரியைப் பார்த்தேன்.
களவாவுக்குப் பக்கத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன்.

தல்லாவுக்கு ஒன்பது வயது.
அம்மா, இவர்களுடைய தங்கை,
டக்காரில் ஏதோ ஓட்டலில் படுக்கை விரிக்கிறாள்.
நீ எங்கே சாப்பிடுகிறாய் என்றேன்.
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
"மத்தியானம்" என்றான்.

மத்தியானம் என்பது மூன்று மணி.
இரண்டு பாய், இரண்டு தாம்பாளம்.
சாப்பிட்டாயிற்று என்று நான் சொன்ன பொய்யை
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டார்கள்.
ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன
ஒரே சொல் அதுவாக இருக்கலாம்.

கும்பாவின் பாயில் உட்கார்ந்தேன், நிழல் அங்கே.
தக்காளியில் சிவந்த குருணைச் சோறு,
புளி, மரவள்ளி, நடுவில் ஒரு முழுக் களவா.
ஏழு வலக்கை.
அவரவர் முன்னால் இருப்பது அவரவர் நிலம்,
அடுத்தவர் வரப்பில் விரல் ஏறக்கூடாது.
சிறுசுகள் இடக்கையால் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும்,
தாம்பாளம் ஆடாமலிருக்க.
வீட்டுக்காரி மீனைப் பிய்த்து
ஒவ்வொருவர் முன்னும் போடுவாள்.
யாருக்கு எவ்வளவு என்று
எந்தப் படிவமும் கேட்பதில்லை.

தல்லாவின் முன்னால் விழுந்தது
கழுத்தை ஒட்டிய வெள்ளைச் சதை,
வளர்ந்த ஆளுக்கான துண்டு.
கும்பா அதைப் பார்க்காமல் போட்டாள்.
ஜிப்ரில் பார்க்காததுபோல் பார்த்தார்.

பையன் நாலு கவளம் தின்றான், எழுந்தான்.
துண்டு கைக்குள்.
வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.
அங்கே சாளைதான்,
ஆளுக்கு ஒன்றுகூட வராத சாளை.
மத்தாரின் பங்குக்கு மேல் கையைத் திறந்தான்.
மத்தார் எங்கிருந்து என்று கேட்கவில்லை.
நீயே தின்னு என்றும் சொல்லவில்லை.
குனிந்த தலை நிமிராமல்
மெதுவாகத் தின்றார், முள்ளிருப்பதுபோல்.

திரும்பி வந்தபோது கையில் காந்தல்.
கரியடுப்பில் மட்டும் பிடிக்கிற அடிச்சோறு,
கேஸில் எத்தனை காய்ச்சினாலும் வராது.
ஜெய்னபா சுரண்டிக் கொடுத்தது, உள்ளங்கை அகலம்,
கரி நாற்றத்தோடு.
ஜிப்ரிலின் நிலத்தில் அதை வைத்துவிட்டு
விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் தல்லா.
ஜிப்ரில் கடித்தார்.
அந்தச் சத்தம் மரத்துக்கு அப்பால்
கேட்காமல் இருந்திருக்காது.

பஸ்ஸில் படிவங்களை முடித்தேன்.
களவாவின் கேள்விக்குறியை
எச்சில் விரலால் தேய்த்து அழித்தேன்.
ஒருவரை இருமுறை எண்ணக்கூடாது என்பது விதி.
எட்டு என்றும் எழுதினேன், ஆறு என்றும் எழுதினேன்.

சிவப்பு மையில் திரும்பி வந்தது:
மொத்தத்தில் ஒன்று அதிகம், சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
என்னையும் சேர்த்தால் இரண்டு.